பிழைத்துவிட்டாள் என்று சொன்னவள்

பட்டம் வாங்கிய கையோடு, கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியராகச் சேர்ந்தது 1963 தை மாதத்தில். சேர்ந்த மறுமாதமே பெற்றோர் தின விழா. எங்கள் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். விழா என்ன, அதற்கு மேலும் நடத்தலாம் என்ற மிதப்பு இருந்தது. மேடை ஏற்றுவதற்கு ஆள் தேடித் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போனேன். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்.

"வடிவக்காவக் கேளுங்க சார். ஒரு முழுப் படத்தையும் பாட்டோட சொல்லும். ஆனா சொல்லாது."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை எனக்கு விளங்கவில்லை. நேரிலேயே போனேன். தன் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் சண்முகவடிவு விறகு பிளந்துகொண்டிருந்தாள். வந்த விஷயத்தைச் சொன்னதும், "எனக்குப் படமெல்லாம் தெரியாதுங்க சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கோடரியை மட்டும் கீழே வைக்கவில்லை. வழிகாட்டக் கூட வந்த அதே லயத்து நல்லமுத்து என்னைத் திருப்பி அழைத்துப் போனாள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று அவள் சொன்னதும், பிறகு மற்றவர்கள் சொன்னதும்தான் இது.

சினிமாப் பார்ப்பது என்றால் அந்தத் தோட்டத்தில் ஒருநாள் பாடு. சம்பள ஞாயிறன்று நாலு மைல் இறங்கி, பஸ் ஏறி, ஹட்டனில் பகல் காட்சிக்கு வரிசையில் நிற்க வேண்டும். கைக்குழந்தைக்காரிகளுக்கு அது ஆகிற காரியமா? அதனால் மேல்லயத்துப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தங்களுக்குப் பதிலாகச் சண்முகவடிவை அனுப்பினார்கள். புருஷனை மண்சரிவில் பறிகொடுத்தவள், பிள்ளை குட்டி இல்லாதவள். அவள் ஹட்டனில் இருக்கும்போது ஒருத்தி அவளுக்குத் தண்ணீர் பிடித்து வைப்பாள், இன்னொருத்தி ரொட்டி சுட்டு வைப்பாள். திங்கட்கிழமை மலையில் படம் ஓடும். கை கொழுந்தில் இருக்கும், வாய் கதையில் இருக்கும். கதாநாயகி நடக்கிற நடை, வில்லன் இருமுகிற இருமல், எல்லாம் கூடையைச் சுமந்தபடியே வரும். பாட்டு ஒருதரம் கேட்டால் போதும் அவளுக்கு. மறந்த அடிக்குத் தானே ஓர் அடி போட்டுக்கொள்வாள்.

கங்காணி பழனியாண்டி மேலே நின்று அதட்டுவார். "ஏய், வாயக் கொறச்சுக் கைய ஓட்டுங்கடி!" அரைமணி கழித்து அவரே இறங்கி வந்து, "அந்தப் பணக்காரப் பய என்னா ஆனான்?" என்பார்.

"கொழுந்து நிறுவை முடியட்டும் கங்காணியாரே. அவன் எங்கயும் ஓடிற மாட்டான்."

1956இல் வந்த ஒரு படத்தை அவள் மூன்று நாள் சொன்னாள். பாட்டே பிழைப்பான ஒரு குடும்பத்தின் கதை. அப்பன், ஆத்தாள், மூன்று பிள்ளைகள். சண்டை பிடித்தாலும் பாட்டிலேதான் பிடிப்பார்கள். கடைசியில் ஆத்தாளுக்கு நெஞ்சுநோய். தாலாட்டுப் பாடிக்கொண்டே புருஷன் மடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுகிறாள். விட்ட அடியிலிருந்து பிள்ளைகள் பாடி முடிக்கிறார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் வந்தபோது கொழுந்தெடுக்கிற நிரை முழுவதும் வேலையை விட்டுவிட்டு அழுதது. அன்றைக்கு நிறுவையில் எல்லோருக்கும் குறைந்தது.

அதிகம் அழுதவள் அழகம்மா, சண்முகவடிவின் தங்கை. இரண்டு பிள்ளைக்காரி. அடுத்த இரண்டு வருடத்தில் அவளுக்கே இருமல் பிடித்தது. முதலில் குளிர் என்றார்கள். துணியில் ரத்தம் கண்ட பிறகு தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா அவள் பெயரை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கட்டில் கேட்டு எழுதினார். "பயப்படாத வடிவு. இப்ப நல்ல ஊசி வந்திருக்கு. ஆறு மாசம் அங்க கெடந்தா எழும்பி நடப்பா. கட்டில் கெடைக்கிறதுதான் லேட்டு" என்றார்.

அழகம்மா படுத்த படுக்கையில் அந்தப் பழைய படத்தையே பேசுவாள். "அவளுக்கும் எனக்கும் ஒரே சீக்குக்கா" என்பாள், ஏதோ ஒரே ஊர்க்காரி போல.

1959 ஆவணியில் ஹட்டனிலிருந்து நோட்டீஸ் வந்தது. அதே குடும்பம், அதே நடிகை, புத்தம்புதிய பதினொரு பாட்டு. மலையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை.

"செத்தவ எப்பிடிடி திரும்ப வருவா?" என்றாள் அதே நிரையில் நின்ற நாகலெட்சுமி.

"செத்தான்னு ஒனக்கு யாரு சொன்னா?" நல்லமுத்து விடவில்லை. "கண்ணத்தான மூடுனா. தப்படிச்சாங்களா? நீர்மாலை எடுத்தாங்களா? குழி வெட்டுனத எவ பாத்தா?"

எல்லோரும் சண்முகவடிவைப் பார்த்தார்கள். அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். சாவுத் தப்புச் சத்தம் இல்லாமல், பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்காமல் அந்த லயத்தில் யாரும் செத்ததில்லை. "மயக்கமாக்கூட இருக்கலாம்" என்றாள். அது அன்று மாலையே அழகம்மாவின் காதுக்குப் போய்விட்டது. ஒரு வாரமாகக் கஞ்சியைத் தொடாதவள் அரைப் பேணி குடித்தாள். "அக்கா, நீ போய்ப் பாத்துட்டு வா. அவ எப்பிடி எந்திரிச்சான்னு கேட்டுட்டு வா."

அந்தச் சம்பள ஞாயிறு சண்முகவடிவும் நல்லமுத்துவும் போனார்கள். கொட்டகையில் இடம் கொள்ளாத கூட்டம், பாதிக்கு மேல் தோட்டத்துப் பெண்கள். படம் தொடங்கியது. அந்த நடிகை இரட்டைச் சடை போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் ஓடினாள்.

"யாருடி இவ, மகளா?"

"மகளுக்கு எப்பிடி ஆத்தா மூஞ்சி வரும்?"

பின்வரிசையில் இருந்த கடைக்காரர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "இது முந்தி நடந்த கதம்மா. அந்தம்மா கொமரியா இருந்த காலம். இனித்தான் கல்யாணமே. சும்மா இருந்து பாருங்க."

அந்தச் சேதி பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. அப்படியானால் இவள் எழுந்திருக்கவில்லை. இனிமேல்தான் சாகப் போகிறாள்.

பிறகு நடந்ததை ஹட்டன் டவுன்காரர்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்களாம். படத்தில் கல்யாணம் நடந்தது. நாதஸ்வரம், ஊஞ்சல், பெண்ணும் மாப்பிள்ளையும் மாறி மாறிப் பாடுகிற துள்ளல் பாட்டு. படத்திலேயே நல்ல பாட்டு அதுதான். அந்தப் பாட்டுக்கு முன்பெஞ்சுப் பெண்கள் அத்தனை பேரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "பாவி மக, தெரியாமச் சிரிக்கிறாளே" என்று ஒருத்தி ஒப்பாரியே வைத்துவிட்டாள். மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏய், கல்யாண வீட்டுல எழவு கூட்டாதீங்கடி!" கொட்டகை சிரித்தது. பெண்கள் நிறுத்தவில்லை. முதல் பிள்ளை பிறந்த பாட்டுக்கும் அழுதார்கள், புதுவீட்டுப் பாட்டுக்கும் அழுதார்கள். கடைசியில் அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்க, சுபம் போட்டார்கள்.

சண்முகவடிவு அழவில்லை. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்பதிலேயே அவள் நினைப்பு நின்றது.

விளக்கு வைக்கிற நேரம் லயத்துக்கு வந்தார்கள். அழகம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை சீவி, பொட்டு வைத்திருந்தாள். அவள் புருஷன் பொன்னையா அடுப்பில் தேயிலைத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தான்.

"பொழச்சாளாக்கா?"

சண்முகவடிவு கம்பளியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"பொழச்சுட்டாடி."

வாசலில் நின்ற நல்லமுத்து உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

அன்றைக்குச் சொன்ன மாதிரி சண்முகவடிவு எந்தப் படத்தையும் சொன்னதில்லை என்கிறாள் நல்லமுத்து. பார்த்த காட்சி ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டாள். அந்தக் கல்யாணத்தை மகள் கல்யாணம் ஆக்கினாள். பிறந்த பிள்ளையைப் பேரப்பிள்ளை ஆக்கினாள். "எப்பிடி எந்திரிச்சா?" என்று அழகம்மா கேட்டபோதுதான் கொஞ்சம் தடுமாறினாள். படத்தில் அதற்கு ஒன்றும் இல்லை.

"புருசன் பக்கத்துலயே இருந்தான். பிள்ளைக சுத்தி உக்காந்து பாடுச்சுக. கசாயம் வச்சுக் குடுத்தான். வீட்ட விட்டு எங்கயும் அனுப்பல. அப்பிடியே கொஞ்சங் கொஞ்சமா எந்திரிச்சுட்டா."

மறுநாள் மலையில் நிரை முழுக்கப் பேசி முடிவாயிற்று. யார் கேட்டாலும் இதுதான் கதை. கங்காணி பழனியாண்டிகூடச் சம்மதித்தார். அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்து, "அந்தம்மாவே எந்திரிச்சுட்டா, ஒனக்கென்னா?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அழகம்மா அந்தக் கல்யாணப் பாட்டைக் கற்றுக்கொண்டாள். ஓர் அடி பாடுவாள், மூச்சு வாங்குவாள், அடுத்த அடி பாடுவாள். கஞ்சி இறங்கியது. சண்முகவடிவுக்குத் தான் செய்தது சரி என்றே பட்டது.

ஐப்பசியில் கடிதம் வந்தது. கட்டில் கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை காலை தோட்டத்து லொறி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடும். சண்முகவடிவு ஓடி வந்து சொன்னாள். அழகம்மா தலையை ஆட்டினாள்.

"நான் போகலக்கா."

"என்னாடி சொல்ற?"

"அவ எந்த ஆஸ்பத்திரிக்குப் போனா? வீட்டுலதான கெடந்து எந்திரிச்சா. நீதான சொன்ன? எனக்கும் புருசன் இருக்காரு, புள்ளைக இருக்கு. அங்க போயி ஒண்டியாக் கெடந்து சாகச் சொல்றியா?"

சண்முகவடிவு பாயோரத்தில் உட்கார்ந்தாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அது முந்திய கதை, அவள் எழுந்திருக்கவே இல்லை, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றாள். இரட்டைச் சடையைச் சொன்னாள். கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள். பெண்கள் மாரடித்ததைச் சொன்னாள்.

அழகம்மா சிரித்தாள். "கல்யாணப் பாட்டுக்கு யாராச்சும் மாரடிப்பாளாக்கா? என்னய லொறியில ஏத்துறதுக்குப் படத்தையே மாத்துறியே."

"சத்தியமாடி. நல்லமுத்துவக் கேளு."

நல்லமுத்து வந்து சத்தியம் செய்தாள். நாகலெட்சுமி வந்தாள். "நீங்கள்லாம் அக்கா பக்கம்" என்றாள் அழகம்மா. "இம்புட்டு நாளும் எல்லாருந்தான பொழச்சான்னு சொன்னீங்க? இன்னிக்கு மட்டும் எப்பிடிச் செத்தா?"

சண்முகவடிவு பொன்னையாவிடம் திரும்பினாள். "தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க. தூக்கிப் போட்டாவது கொண்டு போவோம்."

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "இந்தத் தோட்டத்துல இருந்து லொறியில போன மூணு பேருல ஒரு ஆளுகூடத் திரும்பல மதினி. அவளுக்கு இஷ்டமில்லாம நான் எப்பிடி அனுப்புறது? இங்கயே பாத்துக்கிறேன்."

வியாழக்கிழமை லொறி வந்து, லயத்துக்குக் கீழே கால்மணி நேரம் நின்றது. டிஸ்பென்சரி ஐயா ஏறி வந்து ஏசினார், கெஞ்சினார், கடைசியில் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். கட்டில் வேறொருவருக்குப் போனது.

மார்கழி பதினாலாம் தேதி காலை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பு அடிக்கிற நேரத்தில் அழகம்மா செத்துப்போனாள். சண்முகவடிவுதான் நீர்மாலைக்கு முன்னால் நடந்தாள். ஒப்பாரிக்குப் பெண்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த லயத்தில் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. யாரோ தப்பும் தவறுமாகத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த சம்பள ஞாயிறு அவளுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு நல்லமுத்து படத்துக்குக் கூப்பிடப் போனாள். சண்முகவடிவு அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நல்லமுத்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மாசித் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரன் அந்தக் கல்யாணப் பாட்டை ஒரு நாளில் ஏழெட்டுத் தரம் போட்டான். நாடெங்கும் பிடித்துப்போன பாட்டு. யாரும் அவனைத் தடுக்கவில்லை. மேல்லயத்துப் பெண்கள் மட்டும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் தேர் இழுத்தார்கள்.

பொன்னையா மூன்றாம் வருடம் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். பிள்ளைகளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டான்.

சண்முகவடிவுக்கு இந்த 1965இல் நாற்பத்தாறு வயது. அதே மேல்லயத்தில் தங்கை பிள்ளைகள் இருவரோடும் இருக்கிறாள், பேர் போட்டு வேலைக்குப் போகிறாள். மூத்தவள் ரத்னா என் வகுப்பில் படிக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டு வருகிறாள். இதுவரை இருவருக்கும் ஒன்றும் இல்லை.