பேன்கேக்கைத் தடை செய்த பெண்

ஏவ்ரில் ஔட்ரம் எங்கள் ஊர் நகரமன்றத்தில் முப்பத்தொரு வருடம் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்தார். கடைகளிலும் சரக்குக் கிடங்குகளிலும் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் முழு உடம்போடு வீடு திரும்புகிறார்களா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அத்தனை வருடத்தில், பேன்கேக் விவகாரம் வரை, வேலையை உடனே நிறுத்தச் சொல்லி அவர் கொடுத்த உத்தரவுகள் பதினொன்று. மூன்று வருடத்துக்கு ஒன்று என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எங்கள் ஊர் ஆல்டர்ஷாவில் யாரைக் கேட்டாலும், எதைக் கண்டாலும் தடை போடும் பெண்மணி என்றுதான் சொல்வார்கள்.

அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா ஒரு நூற்பாலைக் கூரையில் ஒழுகல் அடைக்கப் போனார். வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த பிளாஸ்டிக் தகட்டின் மேல் யாரோ தார் பூசியிருந்தார்கள். பார்வைக்கு மற்ற தகடுகள் போலவே இருந்தது. அதில் கால் வைத்தார்; தகடு நொறுங்கியது, அவர் வீடு திரும்பவில்லை. ஆலை முதலாளி அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு முழுப் பன்றித்தொடை அனுப்பிவைத்தார். மூன்று பிள்ளைகள் இருந்ததால் அம்மா அதைச் சமைத்தார். ஏவ்ரில் இதைக் கண்ணீரோடு சொல்லிக் கேட்டதில்லை. வீட்டு விலாசம் சொல்வது போலச் சொல்வார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று, வாணலியில் பேன்கேக் என்ற மைதா தோசையைத் தூக்கிப்போட்டுப் பிடித்தபடி சந்தைத் தெருவில் பந்தயம் ஓடுவோம். தெருவை மூட, மாவட்டச் சாலை அலுவலகத்துக்கு ஆறு வாரம் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். அந்த வருடம் விழாக்குழுத் தலைவர் ராய் ஹெப்டன் அதை அனுப்ப மறந்துவிட்டார்; பந்தயம் நின்றுபோனது. மறந்துவிட்டேன் என்று சொல்ல இந்த நாட்டில் யாருக்கும் வாய் வராது. அதற்குப் பதிலாக எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம் இருக்கிறது: "பாதுகாப்புக்காரங்க விடமாட்டேங்கறாங்க." உடைந்த ஊஞ்சலைச் சரிசெய்யாத பூங்காக்காரரும் அதைத்தான் சொல்வார், பால்புட்டியைச் சூடாக்கித் தர மனமில்லாத தேநீர்க்கடைக்காரியும் அதைத்தான் சொல்வாள். கேட்பவர் உச்சுக்கொட்டுவார். விசாரணை அதோடு முடிந்தது.

ஹெப்டன் அதே வாக்கியத்தை உள்ளூர்ப் பத்திரிகை நிருபரிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் 'பேன்கேக்குக்குத் தடை' என்று வந்தது. கூடவே, கண் பாதி மூடிய நிலையில் ஏவ்ரிலின் படம். தெருவை மூடவோ திறக்கவோ அவருக்கு அதிகாரமே கிடையாது. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும். தெரிந்துவிட்டால் செய்தி போய்விடுமே. அதனால் நிருபர் அழைக்கவில்லை.

மறுநாள் கறிக்கடை வரிசையில் ஏவ்ரில் நின்றபோது கடைக்காரர் வெட்டுக்கத்தியை உயர்த்திக் காட்டினார்.

"கண்ணு, இத நான் கையில வச்சிக்கலாமா? இல்ல உங்ககிட்ட எழுதி வாங்கணுமா?"

வரிசை முழுவதும் சிரித்தது.

"கத்தி இருக்கட்டும். அரவை மெஷினுக்கு மூடி எங்க? போன மாசமே மாட்டிடறேன்னு சொன்னீங்க."

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டாங்க."

"இன்னும் பத்து விரலும் இருக்குதேன்னுதான் கேட்டேன். அரை கிலோ ஈரல் போடுங்க."

ஊர் சிரிக்கும்போது நகரமன்றம் சும்மா இருக்குமா. ஆய்வாளர் பதவியையே மார்ச் மாதத்தோடு நீக்குவது பற்றி ஓட்டெடுப்பு என்று அறிவித்தார்கள். அந்த வாரத்தில்தான் ஏவ்ரில், அதே ராய் ஹெப்டனுக்குச் சொந்தமான சரக்குக் கிடங்குக்கு ஆய்வுக்குப் போனார். ஒன்பது மீட்டர் உயரத்தில், பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். நடக்கப் பலகை இல்லை, கீழே வலை இல்லை. நடுநடுவே பிளாஸ்டிக் தகடுகள், பாசி மூடி, எது எதென்று தெரியாமல்.

துறைத் தலைவர் அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏவ்ரில், இப்பப் போய் அவருக்கு உத்தரவு குடுத்தா, பழிவாங்கறேன்னு நாளைக்கே அந்த நிருபர் பேப்பர்ல போடுவான். ஓட்டெடுப்பு முடியட்டும். டாக்சி உரிமப் பிரிவுல உனக்கு ஒரு நாற்காலி பேசி வச்சிருக்கேன்."

"பதவியே போயிட்டா அந்த உத்தரவ யார் சார் குடுப்பாங்க?"

ஏவ்ரில் திரும்பவும் கிடங்குக்குப் போய், காரின் முன்மூடி மேல் காகிதத்தை வைத்துப் பன்னிரண்டாவது உத்தரவை எழுதினார்.

ஹெப்டன் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "என் கூரை, என் கூலி. ஏறறவனுக்கு இஷ்டம். நடுவுல நீ யாரும்மா?"

"மொதல்ல அவங்கள இறங்கச் சொல்லுங்க, ராய். பலகையும் வலையும் போட்டுட்டு ஏறட்டும்."

மேலேயிருந்து கூரைக்காரன் டீன் எட்டிப் பார்த்தான். "மேடம், வலை வர வரைக்கும் எனக்கு வேல கெடையாது. சந்தோஷமா?"

"இல்ல. இறங்குங்க."

'பழிதீர்த்தார் பேன்கேக் பெண்' என்று பத்திரிகை எழுதியது. நகரமன்றத்தில் பதவியை நீக்க ஒன்பது பேர் கை தூக்கினார்கள், எதிர்த்து நான்கு பேர். டாக்சி உரிம நாற்காலியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. ஆனால் கையெழுத்தான உத்தரவு கையெழுத்தானதுதான். ஹெப்டன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வலை கட்டினார்.

மார்ச் மூன்றாம் வாரம், வலையைப் பார்க்க ஏவ்ரில் போயிருந்தபோது டீன் பலகையை விட்டு ஒரு அடி வெளியே வைத்தான். பாசிக்கு அடியில் இருந்தது பிளாஸ்டிக். தகடு நொறுங்கி, ஆள் வலையில் வந்து விழுந்தான். இரண்டு முறை எம்பி அடங்கினான். கொஞ்ச நேரம் கூரையிலிருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு தவழ்ந்து வந்து ஏணியில் இறங்கினான்.

"உங்க வலை என் முட்டியத் தேச்சிடுச்சு மேடம்," என்றான்.

"உக்காருங்க. மருந்துப் பெட்டி எங்க?"

ஹெப்டனின் கிடங்கில் மருந்துப் பெட்டி இல்லை. ஏவ்ரில் அதையும் எழுதிக்கொண்டார்.

நான் அந்த நிருபரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே, இதுல என்னங்க செய்தி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஏவ்ரில் அலுவலகச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஹெப்டனுக்கு ரயிலடிப் பக்கம் இன்னும் இரண்டு கிடங்குகள் இருக்கின்றன. இரண்டுக்கும் அதே வயதுக் கூரை.