துவக்கும் நகையும் ஒரே அலுமாரியில்

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, டென்மார்க்கில் வேட்டைக்குப் போன தமிழர். எங்கள் சுற்றத்தில் அப்படி வேறொருவரும் இருக்கவில்லை. ஸ்கீவவுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கிக் குடியிருந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் பிரிவில் வேலை. அங்கே மதிய இடைவேளையில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இலையுதிர்காலம் முழுவதும் மானையும் காட்டுவாத்தையும் பற்றியே பேசினார்கள். மாமா பல வருடங்கள் அதைக் கேட்டுக்கொண்டே தன் பாணைச் சாப்பிட்டார். பிறகு பரீட்சை எழுதி, குறிபார்த்துச் சுட்டுக் காட்டி, அனுமதிப் பத்திரம் எடுத்து, இரட்டைக்குழல் துவக்கு ஒன்றோடு வீட்டுக்கு வந்தார்.

அம்மா அதைப் பார்க்கவே மறுத்தார்.

“உனக்கு அதைத் தொடக் கை கூசேல்லையோடா?”

“அக்கா, இது பறவைக்கு.”

“எல்லாம் ஒரே சாமான்தான்.”

மாமா கவனமானவர். இதை நான் அவருக்காக வாதாடச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். சலவை இயந்திரம் நிற்கும் சின்ன அறையில், சுவரோடு சேர்த்துப் பெரிய ஆணிகளால் இறுக்கிய இரும்பு அலுமாரி ஒன்றில் துவக்கைப் பூட்டி வைத்தார். தோட்டாக்களைக் கராஜில் வேறொரு பூட்டுப் பெட்டியில் வைத்தார். வேட்டையிலிருந்து வந்தால் துவக்கை உறையிலிருந்து எடுத்து, நடுவால் மடித்துத் திறந்து, குழாய் நிலத்தைப் பார்க்க முழங்கை மடிப்பில் போட்டுக்கொண்டு நடப்பார். பிள்ளைகள் நாங்கள் நின்றால், குழாய்களைச் சன்னலுக்கு நேரே பிடித்து அவற்றின் ஊடாகப் பார்க்கச் சொல்வார். அடுத்த பக்கத்தில் வட்டமாக வெளிச்சம் தெரியும். “வெளிச்சம் தெரிஞ்சால் வெறும் துவக்கு. தெரியாட்டி ஓடவேணும்,” என்பார். அவரைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. இவை எல்லாவற்றையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் கூட வேலை செய்த ஒரு டேனிஷ்காரர்.

அந்த அலுமாரிக்குள் நகை போனது அடுத்த வருடம். நாங்கள் இருந்த டேனிஷ் ஊரில் ஒரு தமிழ் வீட்டை உடைத்து, தாலிக்கொடி வரைக்கும் எடுத்துப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் தங்கத்தை வீட்டில்தான் வைத்திருப்பார்கள் என்பது அந்த நாட்களில் திருடர்களுக்கும் தெரிந்திருந்தது. வங்கிகளோ பெட்டகம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டு வந்தன. யோசனை எஸ்பியர்க்கில் இருந்த சித்தப்பாவுடையது. குடும்பத்திலேயே உறுதியான பெட்டி மச்சானிடம்தான் இருக்கிறது, இரண்டு பேர் சேர்ந்தாலும் சுவரிலிருந்து பெயர்க்க முடியாது என்றார். அம்மாவின் நகைகள் ஒரு சிவப்புப் பெட்டியில் துவக்கின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தன.

டேனிஷ்காரர் ஒருநாள் அந்தச் சிவப்புப் பெட்டியைக் கண்டுவிட்டார். ஆயுத அலுமாரிக்குள் வேறு பொருள் வைக்கக்கூடாது, வைத்தால் வேறு ஆட்கள் பூட்டின் திறப்பைக் கேட்பார்கள், திறப்பு உன்னிடம் மட்டும் இருக்கவேண்டும், மனைவியிடம்கூடக் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறார். மாமா இதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்பா அம்மாவைக் காட்டிச் சிரித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப கொக்கா என்ன கள்ளியோ?”

அதோடு பேச்சு முடிந்தது. கூடப் பிறந்தவளிடம் திறப்பை ஒளிப்பது எங்களிடையே ஒரு குற்றச்சாட்டு. மாமாவால் எத்தனையோ சட்டங்களைப் பின்பற்ற முடிந்தது; அதை மட்டும் முடியவில்லை. கலியாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா என்று எது வந்தாலும் அம்மா போய்த் திறப்பை வாங்குவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். அம்மா அலுமாரிக் கதவைத் திறந்ததும் முகத்தைச் சலவை இயந்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். கை மட்டும் கீழ்த்தட்டில் துழாவிப் பெட்டியை எடுத்தது. கதவையும் பார்க்காமலேயே முழங்கையால் தள்ளி மூடினார்.

எனக்கு எட்டு வயது நடக்கும்போது என் அக்காவுக்குச் சாமத்திய வீடு வைத்தார்கள். பெரியபிள்ளையான அக்காவுக்குத் தண்ணீர் வார்த்து, சேலை உடுத்தி, மண்டபத்துக்குக் கூட்டிப்போய்க் கொண்டாடும் நாள். மண்டபம் ஸ்கீவவில் என்பதால் மாமா வீட்டிலேயே எல்லோரும் கூடினோம். மழை பெய்துகொண்டிருந்தது. விறாந்தை முழுவதும் வந்தவர்கள் கழற்றிவிட்ட ஈரச் சப்பாத்துகள். வரவேற்பறையில் பெண்கள் ஒருவருக்கொருவர் கொண்டை ஊசி குத்தினார்கள். எஸ்பியர்க்கிலிருந்து சித்தப்பா வந்திருந்தார்; அம்மாவின் மூத்த சகோதரியான பெரியம்மா சில்க்போர்க்கிலிருந்து வந்திருந்தார். வீடியோக்காரர் சன்னலோரம் விளக்கைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

சித்தப்பா மாமாவை விடவில்லை.

“மச்சான், விருந்துக்கு மான் இறைச்சி எண்டுதானே கேள்விப்பட்டு வந்தன்?”

“மண்டபத்தில சமையலுக்கு ஆள் பிடிச்சாச்சு.”

“அது சரி. நீ காட்டுக்குப் போய்ச் சளியைத் தவிர வேற எதைப் பிடிச்சனி?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பட்டு வேட்டி கட்டியிருந்ததால் அவருடைய பெரிய உடம்பு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. தாய்மாமன் அவர்தான், அக்காவின் தலையில் முதலில் பாலும் அறுகம்புல்லும் வைக்கவேண்டியவர். அம்மா அவரிடம் திறப்பை வாங்கிக்கொண்டு சலவை அறைக்குப் போனார். யாரோ மாலை வந்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள். அம்மா சிவப்புப் பெட்டியோடு விரைவாகத் திரும்பி வந்தார்.

சற்று நேரம் கழித்து மாமாவின் மகன் அந்த அறையிலிருந்து வந்தான். குட்டி என்று கூப்பிடுவோம்; ஐந்து வயது. துவக்கைத் தகப்பனைப் போலவே முழங்கை மடிப்பில் போட்டு நடக்கப் பார்த்தான். பாரம் விடவில்லை. அடிப்பக்கம் நிலத்தில் இழுபட, குழாயை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசல்படியைத் தாண்டினான். அவன் அதை மடித்துத் திறந்திருக்கவில்லை. அதற்கு அவனுக்கு வலு இல்லை. சோபாவுக்குப் பக்கத்தில் வந்ததும் இளைப்பாறுவதற்காகக் குழாயைச் சோபாவின் கைப்பிடியில் ஏற்றி வைத்தான். இப்போது அது அறையைப் பார்த்தது. அவன் பின்னால் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

பெரியவர்கள் விழுந்தார்கள்.

வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. யாரும் கத்தவில்லை. ஒருவரும் ஒருவருக்கும் எதுவும் சொல்லவில்லை. பெரியம்மா பட்டுச் சேலையோடு முகம் நிலத்தில் படக் குப்புறக் கிடந்தார். சித்தப்பா இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உருண்டார். அப்பா ஒரு முழங்காலில் இறங்கி மேசைக்குக் கீழே போய்விட்டார். வீடியோக்காரர் கமராவை நெஞ்சில் அணைத்தபடி படுத்திருந்தார். மாமி கையிலிருந்த தேநீர்த் தட்டத்தோடு அப்படியே குந்திவிட்டார். தேநீர் அவருடைய மடியில் ஊற்றியது. அவர் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு நொடிக்கு முன் கொண்டை ஊசிகளும் சிரிப்புமாக இருந்த அறையில் நின்றுகொண்டிருந்தவர்கள் அநேகமாகப் பிள்ளைகள்தான். எங்களுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். குட்டியும் சிரித்தான்.

நிமிர்ந்து நின்ற பெரியவர்கள் இரண்டு பேர். மாமா மகனை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். அம்மா அவருக்குக் குறுக்கே பாய்ந்து முன்னால் நின்றார். ஒரு கையைப் பின்னால் நீட்டி மாமாவைத் தனக்குப் பின்னால் தள்ளினார். மற்றக் கையை விரித்து முன்னே காட்டினார், கையில் ஒன்றுமில்லை என்று காட்டுவதுபோல. பிறகு பேசினார். அம்மாவின் குரல் எப்போதும் உரத்தது. இது மிகவும் தணிந்த, மரியாதையான குரல்.

“தம்பியவை, இவன் சின்னவன். படிக்கிற பிள்ளை. இவனுக்கு ஒண்டும் தெரியாது. இவனை விட்டிட்டுப் போங்கோ.”

அம்மா ஏதோ குழம்பிவிட்டார் என்று நினைத்தேன். பலர் நிற்பதுபோல் ‘தம்பியவை’ என்றார்; அங்கே நின்றது ஒரே ஒரு குட்டி. அவருக்குப் பின்னால் நின்ற மாமா நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்தவர், எதுவும் படிக்கவில்லை, அம்மாவைவிட ஒரு தலை உயரம். அவர் ஏன் அம்மாவைத் தள்ளிவிட்டுப் போகவில்லை என்றும் எனக்குப் புரியவில்லை. அந்தக் கை தடுத்த இடத்திலேயே தோள்களைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

குட்டியின் விரல் எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அம்மாவும் மாமாவும் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

துவக்கை வாங்கியது அக்கா. பாதி பின்னிய தலையோடு உள்ளறையிலிருந்து வந்தாள். நிலத்தில் கிடந்தவர்களைக் கண்டு முகத்தைச் சுளித்தாள். குட்டியிடம் நேரே போய், அவன் கையிலிருந்து ஐபாடைப் பிடுங்கும்போது பேசுகிற அதே டேனிஷில், “அதைத் தா” என்றாள். குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பிடித்துத் தன் வயிற்றுப் பக்கம் இழுத்தாள். அவளுக்குப் பயமே இல்லை. அந்த அறையில் அப்போது துவக்கைக் கையில் வாங்கத் துணிந்தவள் துவக்கு என்றால் என்னவென்று தெரியாத ஒருத்திதான்.

அம்மாவின் கை அப்போதுதான் கீழே இறங்கியது. மாமா வந்து அக்காவிடமிருந்து அதை எடுத்தார், மடித்துத் திறந்தார், சன்னலுக்கு நேரே பிடித்தார்.

“பாருங்கோ, வெறும் துவக்கு. வெளிச்சம் தெரியுது. ஒண்டுமில்லை. எழும்புங்கோ எல்லாரும்.”

எழும்பினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சேலையைத் தட்டினார்கள், மடிப்புகளைச் சரிசெய்தார்கள். மாமி குட்டியைப் பளாரென்று அறைந்தார். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு மறுபடியும் அறைந்தார். அவன் அழத் தொடங்கியபோதுதான் அறைக்குள் சத்தம் திரும்பியது. “நிலம் நல்லாக் குளிருது, மச்சான்,” என்றார் சித்தப்பா.

நல்ல நேரம் போய்விடும் என்பதால் காரியம் நடந்தது. அக்காவுக்குத் தண்ணீர் வார்த்தார்கள். மாமா பாலும் அறுகும் வைத்தபோது பால் அக்காவின் காதுக்குள் வழிந்தது, அவள் சிணுங்கினாள். மண்டபத்தில் ஆரத்தி, கேக், பாட்டு எல்லாம் ஒழுங்காக நடந்தன. திறப்பு யாரிடம் இருந்தது, கதவை யார் மூடாமல் விட்டது என்று ஒருவரும் பேசவில்லை. பேசியிருந்தால் பதில் ஒன்றுதான்: துவக்கைப் பார்க்கவே அஞ்சிய ஒருவர், பார்க்காமல் மூடிய கதவு. சட்டப்படி தோட்டா வேறிடத்தில் இருந்தது. அதனால் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். மாமா மனதில் வைத்திருந்த பத்துக் கட்டளைகளில் ஒன்பதை அவர் மீறவில்லை.

திரும்பி வரும்போது காரில் நான் அம்மாவிடம் கேட்டேன்: “அம்மா, மாமா எங்க படிக்கிறார்?” அம்மா கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வானொலியைக் கூட்டினார். நான் சிரித்ததற்குத்தான் கோபம் என்று முடிவுசெய்தேன்.

அடுத்த வாரமே மாமா துவக்கை அந்த டேனிஷ்காரரிடம் கொடுத்துவிட்டார். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறான் என்று காரணம் சொன்னாராம். டேனிஷ்காரர் அது பொறுப்பான முடிவு என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். அது உண்மையான காரணம்தான். மதிய இடைவேளைகளில் மாமா மறுபடியும் பேசாமல் பாண் சாப்பிட்டிருப்பார்.

அம்மாவின் அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு வளர்ந்தபின்தான் தெரியும். பெரியம்மா வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது சொன்னார். ஊரில், அவர்கள் வீட்டு வாசலில், ஆயுதத்தோடு வந்து நின்றவர்களிடம் அம்மா அவற்றை ஒருமுறை சொல்லியிருக்கிறார். வந்தவர்களுக்கும் தமிழ்தான் மொழி. மாமாவுக்கு அப்போது பதினைந்து வயது. அம்மா இதேபோல் ஒரு கையைப் பின்னால் நீட்டி அவரைத் தனக்குப் பின்னால் தள்ளி, மற்றக் கையை விரித்துக் காட்டிக் கெஞ்சியிருக்கிறார். அவர்கள் கேட்டார்கள், அந்தச் சின்னவனை விட்டுவிட்டுப் போனார்கள். அம்மாவின் மற்றப் பக்கத்தில் இன்னொரு தம்பி நின்றிருக்கிறார், மாமாவுக்கு மூத்தவர். அவர் சின்னவன் என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. அவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பட்டுப்பாவாடையோடு நின்று சிரித்த அன்று, எனக்கு ஒரே ஒரு மாமாதான் என்று நினைத்திருந்தேன்.