பள்ளத்தில் இறக்காத ஜெனரேட்டர்

ஐ.சி.யூ. தலைமை நர்ஸுக்கு அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் 'இடி சிஸ்டர்' என்றுதான் பெயர். அவர் எதிரில் சொல்ல மட்டும் யாருக்கும் தைரியம் கிடையாது.

போன மழையில் ஆற்றுத் தண்ணீர் பேஸ்மென்டுக்குள் புகுந்தது. ஜெனரேட்டர் அங்கேதான் இருந்தது. முதலில் முழுகியதும் அதுதான். வென்டிலேட்டர்கள் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடிவிட்டுக் கையை விரித்தன. நர்ஸுகள் ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். சிஸ்டர் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி டிரைவர் போய்ச் சேர்ந்தார்.

"இயற்கைச் சீற்றம்மா. யார் என்ன பண்ண முடியும்?" என்று டிரைவரின் மனைவியிடம் ஆஸ்பத்திரி முதலாளி சொன்னதைக் கேட்டதும் சிஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. ஜெனரேட்டரைப் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தது இயற்கையா?

தண்ணீர் வடிந்து, வெள்ளையடித்து முடித்ததும் புது ஜெனரேட்டர் வந்தது. இறக்க வந்த கட்டடச் சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, சிஸ்டரின் கூடப்பிறந்த தம்பி.

"எங்கடா இறக்கப் போற?"

"பழைய இடத்துலதான்க்கா. மேல வச்சா கார் நிறுத்த இடம் போயிடுமாம். சத்தம் வேற."

"மூச்சு நின்னுட்டா சத்தமே இருக்காதே. அது பரவாயில்லையா?"

"அக்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடாத."

சிஸ்டர் யூனிஃபார்மோடு பேஸ்மென்டுக்கு இறங்கும் சரிவுப் பாதையின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். கிரேன்காரர் இன்ஜினை அணைத்தார். ஷிப்ட் முடிந்த நர்ஸுகள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காரில் வந்த முதலாளி வழியில்லாமல் இறங்கி, "இது ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா?" என்றார்.

"அந்த டிரைவர் பொண்டாட்டியக் கூட்டிட்டு வரேன் சார். கார் நிக்க இடம் பத்தலன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க."

நோயாளிகளின் சொந்தக்காரர்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள். முதலாளி மனம் மாறினார் என்று சொல்ல முடியாது, பயந்துவிட்டார். அவர் கார் நிற்கும் இடத்திலேயே ஆளுயரத்துக்குக் கான்கிரீட் மேடை கட்டி ஜெனரேட்டரை ஏற்றினார்கள். சிஸ்டரைச் சீட்டு எழுதும் இடத்துக்குத் தூக்கியடித்தார்கள். தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டான். அவன் மனைவி மட்டும் போன் செய்தாள்: "அண்ணி, நீங்க செஞ்சது சரின்னு அவருக்கும் தெரியும். வாயத் தொறந்து சொல்லத்தான் வராது."

அடுத்த மழையில் தண்ணீர் வந்தது. விளக்கு அணையவில்லை.

"இப்ப சந்தோஷம்தானே சிஸ்டர்?" என்று கேட்டாள் வார்டு ஆயா.

"என்ன சந்தோஷம்? ஒரு உசுரு போனப்புறம்தான் மேல ஏத்துனாங்க. ஆக்சிஜன் மெஷின் இன்னும் கீழதான் முழுகிக் கிடக்குது. சிலிண்டர வச்சு ஒப்பேத்திட்டு இருக்கோம்."

அதற்காக இன்றைக்கும் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.