பதினெட்டு இடங்களில் ஒரு கட்டைவிரல்

மனைவிக்கு ஒரு வருடமாக உடம்பெல்லாம் வலி. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் நார்மல். நோயின் பெயரை எழுதி வாங்கி வராவிட்டால் இனி லீவு கிடையாது என்று அவள் ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

இன்று காலை ஒரு மலையாள டாக்டரம்மாவிடம் போனோம்.

"இதினு மெஷின் ஒண்ணும் இல்லா" என்றார். உடம்பில் பதினெட்டு இடங்களில் கட்டைவிரலால் அழுத்துவாராம். பதினொன்றிலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா என்கிற உடம்புவலி நோயாம்.

அழுத்தினார்.

"வேதனை உண்டோ?"

"பரவால்லை டாக்டர்."

பதினெட்டும் முடிந்தபோது நான்குதான் தேறியது. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"சார் ஒண்ணு வெளியில நிக்காமோ?"

நின்றேன். கதவுக்கு உள்ளே முதல் அழுத்தலிலேயே "அய்யோ!" நிருபர் பழக்கத்தில் எண்ணினேன். பதினாறு.

சான்றிதழுடன் வந்தவளிடம் கேட்டேன்: "என் முன்னாடி ஏன் சொல்லலை?"

"சொன்னா உடனே உங்களுக்கும் முதுகு வலின்னு ஆரம்பிச்சுடுவேளே!"

இந்த நோய்க்குத் திட்டவட்டமான பரிசோதனை தேடும் நிபுணர்கள் கணவனை வெளியே நிறுத்திப் பார்த்தார்களா, தெரியவில்லை.

வாசகிகளே, உங்களுக்கு எத்தனை இடத்தில் வலி? கணவர் பக்கத்தில் இல்லாதபோது எழுதுங்கள்.