சவரிமுத்துவைப் பாடிய மாலிக்காரர்

தேதிகளை விடாமல் குறித்துவைக்கும் எனக்கு இந்த ஒன்று மட்டும் நழுவிவிட்டது. தடின்ஜுட் என்னும் பர்மிய விளக்குத் திருநாளுக்கு மறுவாரச் சனிக்கிழமை, பிற்பகல், எனக்கு வயது ஒன்பது. அவ்வளவுதான் நிச்சயம்.

லான்மடா பேட்டையில் எங்கள் மாதா கோயில் கூடத்துக்கு மாலி நாட்டுக் கலைஞர் ஒருவர் வந்தார். பாதிச் சுரைக்குடுக்கையில் மாட்டுத்தோல் போர்த்தி இருபத்தொரு நரம்பு கட்டிய கோரா அவருடைய வாத்தியம். வம்சாவளி பாடுவது குலத்தொழில். கிராமத்துக் கல்யாணங்களில் தகப்பனோடு பாடத் தொடங்கி, பாரிசிலும் லண்டனிலும் பெரிய அரங்குகளை நிறைத்தவர். எந்த ஊரானாலும், அழைத்தவரின் முன்னோர் பெயர்களைப் பாடாமல் கச்சேரியைத் தொடங்கமாட்டார். அழைத்தவர் பங்குச் சபைச் செயலாளரான என் பெரியப்பா. பெயர்களை எழுதிக் கொடுத்ததும் அவரே.

முன்வரிசை நடுவில் குடியுரிமை அட்டை அலுவலகத்து அதிகாரி ஒருவரை உட்காரவைத்து, பெரியப்பா தன் கையாலேயே அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

பாட்டு எழுந்தது. ஊ பா தின். ஊ மௌங் ஜீ. யார் இந்தப் பர்மியர்கள்? இறந்தவர்களுக்காக எங்கள் வீட்டில் சொல்லும் மாலை ஜெபத்தில் ஒருநாளும் கேட்காத பெயர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெஞ்சின்மேல் ஏறினேன்.

“பொய்! எங்க கொள்ளுத்தாத்தா பேரு சவரிமுத்து! நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல்ல வந்து, துறைமுகத்துல அரிசி மூட்டை தூக்கினாரு!”

“ஏய், எறங்குடி கழுத!” என்றார் பெரியப்பா. உடனே அதிகாரி பக்கம் திரும்பிப் பர்மிய மொழியில் குழைந்தார்: “சின்னப் புள்ள, ஐயா, எங்கியோ கேட்ட கதைய உளறுது.”

உளறுதாம்! அந்தச் சொல் இன்னும் சுடுகிறது.

மொழிபெயர்ப்பாளர் குனிந்து காதில் சொல்ல, கலைஞர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நரம்புகளை மறுபடி மீட்டி, “சவரிமுத்து” என்று மூன்று முறை பாடினார். கூடமே கைதட்டியது. அதிகாரியும் தட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அன்றிலிருந்து பெரியப்பா என்னோடு பேசவில்லை. மூட்டை தூக்கியவரைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நானும் அவரோடு பேசவில்லை. அவர் மகளான அக்காவின் அட்டை விண்ணப்பத்தில் அதே இரண்டு இரவல் பெயர்கள் இருந்ததை நான் எங்கே கண்டேன்? கொள்ளுத்தாத்தா இந்த மண்ணில்தான் புதைந்தார். அவருக்குப் பின் மூன்று தலைமுறை இங்கேயே பிறந்தது. ஆனாலும் அவரை ஒளித்துவைத்தால்தான் நாங்கள் இந்த ஊர்க்காரர்களாம்! இது என்ன நியாயம்?

மழை தொடங்கிய மாதத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் நீல மையில், ‘சவரிமுத்து யார்?’

அக்கா அழுதுகொண்டிருந்தாள். நானோ, பாட்டு அலுவலகம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது, பெரியப்பாவை ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பில் இருந்தேன். அந்தத் தாளை அவள் கையிலிருந்து வாங்கி, பெரியப்பாவுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தேன்.