மஞ்சள் ரோஜாவுக்கு ஊற்றிய தண்ணீர்

சுனாமி வந்துபோன அடுத்த கோடையில், பாண்டிச்சேரி நர்சரியில் ஒரு மஞ்சள் ரோஜாச் செடி வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மரக்காணம் வந்து சேர்ந்தேன். கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்கென்று நானே வாங்கிய முதல் பொருள் அது. "உப்புக் காத்துல ரோஸா?" என்று என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அதைப் பூக்க வைக்காமல் விடுவதில்லை என்று வீம்பு பிடித்தேன்.

குழாயில் தண்ணீர் வருவதே எப்போதாவதுதான். அரிசி கழுவிய தண்ணீரைச் சிந்தாமல் எடுத்து வைத்து ஊற்றினேன். மொட்டுகூட ஒன்று விட்டது. அப்புறம் இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. கடல் காற்றுதான் காரணம் என்று பழைய புடவையைக் குறுக்கே கட்டினேன். கருகல் நிற்கவில்லை. மொட்டும் தலையைத் தொங்கப்போட்டது. யாரோ வேண்டுமென்றே எதையோ ஊற்றுகிறார்கள் என்று தோன்றி, எல்லோரையும் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சாயங்காலம் ஆள் கையும் களவுமாக மாட்டினார். உப்பளத்து வேலை முடிந்து வந்த என் மாமனார், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, உப்புப் பூத்த காலை ரோஜாத் தொட்டிக்கு மேல் தூக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன பண்றீங்க!"

"தண்ணி வீணா போவுதேம்மா. செடியாவது குடிக்கட்டும்னு டெய்லி இங்கதான் கழுவுறேன்."

"அத்தனையும் உப்பு மாமா! அதனாலதான் செடி கருகுது!" கத்தியேவிட்டேன்.

அவர் காலைக் கீழே வைத்தார். காலமெல்லாம் உப்பில் நிற்கிறவருக்குத் தன் காலில் இருப்பதும் உப்புதான் என்பது மறந்தே போயிருந்தது. அப்படியே உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கொல்லைப்பக்கம் போய்க் கால் கழுவினார். பிறகு, உப்பளத்துக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து செடிக்கு ஊற்றினார். குடித்து மிஞ்சியது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் உதடு வெடித்திருந்தது. அந்த வெயிலில் குடிக்காமல் மிச்சம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பயந்துபோய்ப் பாட்டிலைப் பிடுங்கினேன். "செடி செத்தா சாவட்டும் மாமா! மொதல்ல நீங்க குடிங்க!"

"கோவப்படாதம்மா. கீழ புதுசா துளிர் வுட்டிருக்கு. நீ பாக்கலியா?"

நான் பார்த்திருக்கவில்லை. பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு எதிரிலேயே நின்றேன். மடமடவென்று குடித்தார். கடைசி மடக்கு இருக்கும்போது பாட்டிலை வாயிலிருந்து எடுத்து, என்னைப் பார்த்தார்.

"இத மட்டும் அதுக்கு ஊத்தட்டுமாம்மா?"