சுஹைப் வரவழைத்த கூலர்

முத்துப்பேட்டையில் எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் சுஹைப். நல்லவன்தான். ஆனால் ஒரு விஷயத்தை நேராகக் கேட்டுத் தொலைக்கத் தெரியாதவன். அவன்மேல் எனக்குள்ள கோபம் அதுதான், இன்றைக்கும் அது தீரவில்லை.

அவன் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஷஹ்பாஸ் சவூதியில் லாரி ஓட்டினார். ஒரு தடவை லீவில் வந்தபோது, கேம் விளையாடுவதற்கென்றே செய்த கம்ப்யூட்டர் ஒன்றைத் தம்பிக்குக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் இவன் இங்கேயும் அவர் அங்கே தன் லேப்டாப்பிலும் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே விளையாட்டில் சேர்ந்து லாரி ஓட்டுவார்கள். வாரமெல்லாம் நிஜ லாரி ஓட்டியது போதாதா என்று நான் கேலி செய்ததுண்டு.

ஆனால் விளையாட்டு ஒரு சாக்குதான். எங்கள் ஊரில் வெளிநாட்டுப் போன் வந்தால் ஸ்பீக்கரில்தான் போடுவார்கள். உம்மா, பொண்டாட்டி, பக்கத்து வீட்டு சஃபியா வரைக்கும் சுற்றி நின்றால், அந்தப் பக்கம் இருப்பவர் ‘நல்லா இருக்கேன்’ என்பதைத் தவிர வேறு என்ன சொல்வார்? ஷஹ்பாஸ் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்த ஹெட்போனில் மட்டும்தான்.

கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. கடற்காற்றில் உள்ளே துரு ஏறி, ஃபேன் அரிசி மில் மாதிரி இரையத் தொடங்கியது. பெட்டியில் கை வைத்தால் சுட்டது. அப்படியான ஒரு வெள்ளிக்கிழமை, விளையாட்டில் லாரியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு ஷஹ்பாஸ் குரலைத் தாழ்த்தினார்.

“சுஹைபு, ஒண்ணு சொல்லணும்டா. உம்மாவுக்குத் தெரிய வேணாம்.”

“சொல்லுங்க காக்கா.”

அவ்வளவுதான். சூடு தாங்காமல் மெஷின் அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் ஒரு நிமிடம் ஓடி, திரும்பவும் இருண்டது.

அண்ணன் என்ன சொல்ல வந்தார்? சுஹைபுக்குச் சோறு இறங்கவில்லை. போனில் தனியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் குடும்பத்தைத் தாங்குகிற அண்ணனைத் தோண்டிக் கேட்பது மரியாதையில்லை என்று இங்கே ஒரு நினைப்பு. மெஷினைச் சரி செய்தால் அவரே சொல்வார் என்று அதைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினான்.

அங்கே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த விஸ்வா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“சூட்டை இறக்குற கூலர் போயிடுச்சுங்க. பெரிய ஃபேன் வச்சதா ஒண்ணு மாட்டிருவோம். இப்பவே முடிஞ்சிரும்.”

“தண்ணி ஓடுற கூலர்தான் நல்லதுன்னு சொல்றாங்களே?”

“நல்லதுதாங்க. ஆனா பழைய மெஷினுக்கு வேணாம். ஃபேன் நின்னா கண்ணுக்குத் தெரியும். உள்ள இருக்கிற பம்பு நின்னா, கடைசி வரைக்கும் தெரியாது.”

சுஹைப் யோசித்தான். எங்கள் ஆட்களுக்குத் தைலம், போர்வை, டார்ச் எல்லாமே வெளிநாட்டிலிருந்து யார் பெட்டியிலாவது வந்தால்தான் அசல்.

“காக்காட்ட சொல்லி அங்கேருந்தே வரவழைச்சுக்கிறேங்க.”

“அங்க விக்கிறதும் இதே கூலர்தாங்க,” என்று விஸ்வா சிரித்தார்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். பெட்டியை வந்த வழியே தூக்கி வந்தான். மறுநாள் ஷஹ்பாஸ் போன் செய்தார். ஸ்பீக்கர், சுற்றிலும் பெண்கள். மெஷின் அணைந்ததைச் சொன்னால் அண்ணன் எதையோ பாதியில் நிறுத்தியதும் வெளியே வரும், உம்மா குடைவார். அதனால் சுஹைப் கேட்டது ஒன்றே ஒன்று.

“காக்கா, கம்ப்யூட்டருக்குத் தண்ணி கூலர் ஒண்ணு வாங்கி அனுப்புங்க.”

ஷஹ்பாஸ், “சரிடா, ஆள் வர்றப்போ கொடுத்து விடுறேன்” என்றார்.

பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் மெஷின் துணி போர்த்தியபடி கிடந்தது. ஷஹ்பாஸின் போனும் குறைந்தது. வேலை அதிகம் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் சொல்வதற்குக் கையில் ஒன்றுமில்லை.

குறுவை அறுப்பு சமயத்தில், ஷஹ்பாஸின் அறையில் தங்கியிருந்த அப்துல் அஜீஸ் லீவில் வந்தார். ஜெராக்ஸ் கடைக்கே வந்து கூலர் பெட்டியைக் கொடுத்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். சுஹைப் ஆசையாகப் பிரித்தான். அஜீஸ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுத்தான் கடைத்தெருவுக்குப் போய் வாங்கினாரு.”

“நெஞ்சையா? என்னங்க சொல்றீங்க?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே தம்பி. லாரியை ஓரம் கட்டிட்டு உங்ககிட்ட எல்லாம் சொன்னாரே. நான் பக்கத்துலதான் இருந்தேன். டாக்டர் ஆபரேசன்னு சொல்லிட்டாரு, ஊருக்கு வந்துரட்டுமாடான்னு கேட்டாரு. லேப்டாப்புல உங்க லாரி அப்படியே நின்னுச்சு. நீங்க பதிலே சொல்லல. அப்புறம் லாரியும் மறைஞ்சு போச்சு.”

இங்கே மெஷின் அணைந்தது தெரியாமல் அண்ணன் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“மறுநாள் நீங்க கூலர் கேட்டீங்க. ‘வீட்டுல யாருக்கும் நான் வர்றதுல இஷ்டமில்ல போல’ன்னு சொல்லிட்டு, வண்டிய எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு.”

சுஹைப் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்பீக்கர் போடாமல் அண்ணனை அழைத்தான். நான் பின்னாலேயே போனேன். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்ததும், “வந்துருங்க காக்கா, இன்னைக்கே கிளம்பி வந்துருங்க” என்று அழுதுகொண்டே கத்தினான்.

எடுத்தது வேறு யாரோ. அவன் தம்பிதானா என்று உறுதி செய்துகொண்டு, பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அந்த ஆள் கேட்டார். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சுஹைப் போனை என்னிடம் நீட்டினான்.